வாய்க்கு ஒரு பிரேக்

"இளைஞர்களுக்கு வழிகாட்டப் போறவங்களுக்கு முதல் பாடமே வழிகாட்டாம இருக்கிறதுதான்," என்றார் பயிற்சியாளர் அம்மா. "உள்ளே ஒரு பையன் உட்கார்ந்திருக்கான். மணி அடிக்கிற வரைக்கும் அவன் பேசறதைக் கேளுங்க. அறிவுரை சொல்ல வாயைத் திறந்தீங்க, ஃபெயில்!"

வழிகாட்டியாகச் சேர வந்திருந்த டிரைவிங் மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். "ஹாரன் அடி, லெஃப்ட்ல பாரு" என்று அடுத்தவர் காதில் கத்தியே காலம் தள்ளிய மனிதர். வீட்டிலோ மகள் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது. "நான் ஒரு வரி சொன்னா நீங்க ஒன்பது வரி சொல்றீங்கப்பா. அந்தப் பயிற்சியில தேறிட்டு வாங்க, அப்புறம் மனசு விட்டுப் பேசறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

உதட்டைக் கடித்துக்கொண்டு பையனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"காலேஜை விட்டுடலாம்னு இருக்கேன் சார்."

கற்றுக்கொள்பவர் தடுமாறினால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தே பழகிய கால். டக்கென்று மிதித்தது. மேஜைக்கடியில் பிரேக் ஏது? பையனின் கட்டைவிரல்தான் இருந்தது.

"ஐயோ அம்மா!"

மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அறிவுரையும் வந்து தொலைக்குமே! கால்களை நாற்காலிக்கடியில் பின்னிக்கொண்டார். உடனே வாய் துறுதுறுத்தது. பாட்டிலைக் கவிழ்த்து, வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டார்.

பையன் விடுவதாயில்லை. "ஒரு பொண்ணைக் காதலிக்கிறேன் சார். அவ அண்ணன் ரவுடி."

மாஸ்டரின் கன்னம் உப்பியது.

"இன்னிக்கு சாயங்காலம் ஃப்ரெண்டு பைக்ல அவளைக் கூட்டிட்டு ஓடப்போறேன்."

கண் பிதுங்கியது.

"லைசென்ஸ்கூட இல்ல சார்."

அவ்வளவுதான். தண்ணீர் மூக்கு வழியாகப் புறப்பட்டது. புரையேறிக் கண்ணீர் கொட்டியது. அப்போதும் மாஸ்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மணி அடித்தது.

"கண்ணாடி வழியாப் பார்த்துட்டே இருந்தேன். தேறிட்டீங்க சார்!" என்று கைதட்டியபடி வந்தார் பயிற்சியாளர் அம்மா.

அப்பாடா! மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஈரச் சட்டையோடு மகளுக்குப் போன் போட்டார். "பாஸாயிட்டேன்டா கண்ணு. இனிமே நீ சொல்லு, நான் கேக்கறேன்."

"நிஜமாவாப்பா? சீக்கிரம் வீட்டுக்கு வாங்க, நிறையச் சொல்லணும்" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! இந்த முறை புரையேறாமலே கண் கலங்கியது.

பையன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே நொண்டியபடி எழுந்தான்.

"மேடம், நானும் வழிகாட்டியாச் சேரத்தானே வந்தேன்? 'வர்றவர் வாயைத் திறக்க மாட்டார், எப்படியாவது பேச வைங்க'ன்னு சொன்னீங்களேன்னு இல்லாத காதலி, இல்லாத பைக்கு எல்லாத்தையும் அள்ளிவிட்டேன். மனுஷன் அழுதாரே தவிர ஒரு வார்த்தை பேசலையே... அப்ப நான் ஃபெயிலா?"