புலிக்கு மருந்து வாங்கித் தந்த மான்

ஒரு காட்டில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், கொம்பையா என்று ஒரு மான் இருந்தார். ‘இருந்தது’ என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். பேரன் பேத்தி எடுத்தவர்.

அவருக்கு ஒரு வியாதி. நன்றாகத்தான் நடந்து வருவார். திடீரென்று நாலு காலும் மண்ணில் முளைத்த மாதிரி நின்றுவிடும். ‘நட’ என்று மனசு சொல்லும், ‘யாருகிட்ட சொல்றே?’ என்று கால் கேட்கும். கொம்பு வேறு சும்மா கிடக்காமல் ஆடும். காற்றே இல்லாத நாளில் இதென்ன கிளை ஆடுகிறது என்று குருவிகள் வந்து உட்கார்ந்து பார்க்கும்.

ஒருநாள் தண்ணீர்த்துறையில் அப்படி நின்றுவிட்டார். பெண்டாட்டி செவத்தாயி பின்னாலிருந்து முட்டித் தள்ளியும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து வரிப்பாண்டி என்கிற புலி புதருக்குள் இருமினான். உறுமக்கூட இல்லை, இருமல்தான். கூட்டத்தில் முதல் ஆளாய்ப் பறந்தவர் கொம்பையா!

“நான் தள்ளினா நகரல, அவன் இருமினா பறக்குறீங்க. என்கிட்ட மட்டும் வேசமா?” என்று பிடித்துக்கொண்டாள் செவத்தாயி.

“சத்தியமா இல்லடி. எனக்கே விளங்கல.”

இதற்குள் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. கோடையில் இக்கரைப் புல் கருகிப்போச்சு. அமாவாசை கழிந்ததும் ஆற்றைக் கடந்து எல்லாரும் அக்கரைக்குப் போவது. நடு ஆற்றில் நிற்கிறவரை யார் சுமப்பது? “மாமா இங்கேயே இருக்கட்டும்” என்றார்கள், ரொம்ப மரியாதையாக.

கொம்பையா கரடி டாக்டரிடம் ஓடினார். ஓடினார் என்பது பேச்சுக்கு. நின்று நின்று போய்ச் சேர்ந்தார்.

டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்தார். “மண்டைக்குள்ள டோபமின்னு ஒரு சாறு ஊறணும். அது பாஞ்சாத்தான் கால் சொன்ன பேச்சு கேக்கும். உமக்கு ஊத்து தூர்ந்துக்கிட்டு வருது.”

“புலி வந்தா மட்டும் கால் எப்படி ஓடுது?”

“உசிருக்குப் பயந்தா மூளை குறுக்கே வேற வாய்க்கால் வெட்டிக்கும். அது நிலைக்காது. இந்தாரும், பூனைக்காலி விதை. தின்னா அந்தச் சாறு ஊறும். இந்த வருசம் காய்ப்பில்ல, இருக்கிறது இந்த ஒரு பொட்டலம்தான்.”

பொட்டலத்தோடு திரும்பும்போது கொம்பையா யோசித்தார். விதை நடக்க வைக்கும். புலி பறக்க வைக்கும். ஆற்றைத் தாண்ட எது நல்லது? நேரே புலிக்குகைக்குப் போனார்.

“தம்பி, ஒரு உதவி. என்னைக் கொஞ்சம் துரத்தணும்.”

வரிப்பாண்டி படுத்தே கிடந்தான். மூக்கில் ஈ. “போங்கண்ணே. யாரைத் துரத்தி என்ன ஆகப்போகுது.”

“நான் மான்டா!”

“மான்னா முன்னே நாக்கு ஊறும். இப்போ கொம்பு வச்ச புல்லுக்கட்டாத்தான் தெரியறீங்க. இருமக்கூட மனசு வரல.”

கொம்பையா அந்த ஈயை ஓட்டிவிட்டுப் பார்த்தார். இவனும் படுத்துவிட்டால் கதி என்ன? கெஞ்சிக் கூத்தாடி டாக்டரிடம் கூட்டிப்போனார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் புலிக்குத் தங்கள் டோக்கனை நீட்டினார்கள். “எனக்கென்ன அவசரம்” என்று புலி கடைசியில் போய் உட்கார்ந்தான். முன்னால் ஒரு குரங்கு, மரத்து இலையெல்லாம் தன்னைப் பற்றியே பேசுகிறது என்று காதைப் பொத்திக்கொண்டிருந்தது.

“எல்லாம் ஒரே சாறுதான்யா” என்றார் டாக்டர். “உமக்குக் காலுக்குப் போற வாய்க்கால் வறண்டது. இவனுக்கு ஆசைக்குப் போற வாய்க்கால். அந்தக் குரங்குக்கு மடையே உடைஞ்சு ஓடுது.”

“என் பொட்டலத்தை இவனுக்குக் குடுங்க.”

“உமக்கு?”

“எனக்கு இவன்தான் மருந்து. சாப்பாட்டுக்கு முன்னே ஒரு வேளை.”

“யார் சாப்பாட்டுக்கு?” என்று கேட்டார் டாக்டர். கொம்பையா அதைக் காதில் வாங்கவில்லை.

அமாவாசை கழிந்தது. கூட்டம் ஆற்றில் இறங்கியது. கொம்பையா கரையிலேயே நட்ட கல். பின்னால், பொட்டலம் முழுக்கத் தின்று முடித்த வரிப்பாண்டி வந்தான். கண் ரெண்டும் கங்கு. ஒரே பாய்ச்சல்! கூட்டத்தின் தலைக்கு மேலே பறந்து அக்கரையில் போய் விழுந்தார் கொம்பையா. பச்சைப் புல்! ‘அப்பாடா, பிழைச்சோம்’ என்று மூச்சு விட்டார்.

பயம் போனதும் கால் மறுபடி மண்ணில் முளைத்து நின்றுவிட்டது.

புலியும் ஆற்றைத் தாண்டி மூக்குக்கு நேரே வந்து நின்றான். கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார். “சீக்கிரம் தின்னுடு தம்பி.”

“தின்கிறதா? அதுல என்னண்ணே இருக்கு! துரத்துறதுலதான் எல்லாம் இருக்கு. ஏன் நின்னுட்டீங்க? ஓடுங்க, ஓடுங்க!” கொம்பையா அசையவில்லை என்றதும் புலி மரியாதையாகத் திரும்பி நின்று ஒரு இருமல் இருமினான்.

அன்றைக்கு ஓட ஆரம்பித்தவர்தான். பச்சைப் புல் ரெண்டு பக்கமும் பறக்கிறது. புலியும் இளைத்துவிட்டான், மானும் இளைத்துவிட்டார்.

“ஒரு வாய் மேஞ்சிட்டுப் போங்களேன்!” என்று கத்தினாள் செவத்தாயி.

“நின்னா பிடிச்சுக்கும்டி!”

“அவன்தான் தின்ன மாட்டேங்கிறானே!”

“புலியைச் சொல்லல, காலைச் சொல்றேன்!” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

நீதி: உன்னைத் தின்ன வேண்டியவனுக்கு மனசு சரியில்லை என்றால், முதல் ஆளாய் நீயே டாக்டரிடம் கூட்டிப் போ. ஆசை முற்றிவிட்டால் அவனுக்கும் சாப்பிட நேரமிருக்காது, உனக்கும் இருக்காது.