செகண்ட் கியர் மேனேஜரை இறக்காத நாள்

சிமெண்ட் சட்டி தூக்க ஏற்காடு வந்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பாறையை உடைத்து அஸ்திவாரம் போட்டேன். நிற்காது என்று இன்ஜினியர் சொன்ன தடுப்புச் சுவர் இன்றும் நிற்கிறது. இந்த மலையில் அறுபது வீடு நான் கட்டியது. ஆனால் நான் உடைத்த பாறை எல்லாம் சேர்ந்தாலும் செகண்ட் கியரின் பிடிவாதத்துக்கு ஈடாகாது.

மஞ்சக்குட்டை வழியாக ஷேர் ஜீப் ஓட்டுகிறவன் அவன். மூன்றாவது கியரே போடமாட்டான், அதனால் ஊர் வைத்த பேர் அது.

"ஏனுங்க, இப்படியே போனா பொழுது சாஞ்சிருமுங்க" என்பார்கள் எஸ்டேட் பெண்கள்.

"அவசரம்னா எறங்கி நடங்க. எனக்கு முன்னாடி போயிருவீங்க."

உண்மைதான்.

ஐம்பது வயதில் வீடு கட்ட பேங்கில் பதினைந்து வருஷக் கடன் வாங்கினான். வீட்டை நான்தான் கட்டினேன். அறுபத்தைந்தில் கடன் முடியும், அன்றே ஸ்டியரிங்கை விட்டுவிடுவேன் என்பான். பிறகு வட்டி ஏறியது. ஊரே புலம்பியபோது இவன் மட்டும் சிரித்தான். "என்ற தவணை ஒத்த ரூவா ஏறலீங்க."

மூன்று வருஷம் கட்டிய பிறகு ஸ்டேட்மென்ட்டை என்னிடம் நீட்டினான். எனக்கு எழுத்துதான் தகராறு, கணக்கு தகராறில்லை. பாக்கி பதினாறு வருஷம். தவணையை ஏற்றாமல் வருஷத்தை ஏற்றிவிட்டார்கள், ஒரு வார்த்தை கேட்காமல். அறுபத்தொன்பது வயது வரை இவன் வளைவில் வண்டி திருப்ப வேண்டும்.

"வாங்குனது பதினஞ்சு. மூணு கட்டியாச்சு. மிச்சம் பதினாறா? எந்த ஊருக் கணக்குங்க மேஸ்திரி இது?"

பேங்கில் போய்க் கேட்டோம். நீ கையெழுத்துப் போட்ட பேப்பரில் எல்லாம் இருக்கிறது என்றார் மேனேஜர்.

அடுத்த வாரம் அதே மேனேஜர், யாரோ கடன் கேட்ட தோட்டத்தைப் பார்க்க, மஞ்சக்குட்டைக்கு இவன் ஜீப்பிலேயே ஏறினார். முன் சீட்டில் நான். இவன் காதில் சொன்னேன்: "கண்ணு, அவரு ஸ்டாப்புல நிறுத்தாத."

மஞ்சக்குட்டை பின்னால் போனது.

"டிரைவர், என் ஸ்டாப் போயிடுச்சு."

"டிக்கெட் அதேதானுங்க சார். தூரந்தான் கொஞ்சம் சாஸ்தி."

"என்னைக் கேக்காம எப்படிப்பா?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்."

பின் சீட்டுப் பெண் ஒருத்தி, "சார் ஏறும்போதே கையெழுத்துப் போட்டுட்டாருங்களா?" என்றாள். சிரிப்பில் ஜீப்பே குலுங்கியது.

ரோடு முடியும் வரை போய்த்தான் திரும்பினோம், செகண்ட் கியரிலேயே. அந்த நேரம் மேனேஜர் யோசிக்கப் போதுமானது. திங்கட்கிழமை கூப்பிட்டு ஒரு பேப்பரை வைத்தார்: தவணையைக் கூட்டிக் கட்டினால் அறுபத்தைந்திலேயே முடித்துக்கொள்ளலாம். இதை பேங்க் முதலிலேயே கேட்டிருந்தால் வாய் வலித்திருக்குமா? இவன் வட்டி ஏறிய நாளிலிருந்தே கூட்டிக் கட்டியிருப்பானே. இப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறான்.

அது கிடக்கட்டும். டீக்கடையில் இந்தக் கதையை நாலு தடவை சொல்லிவிட்டான், நொம்ப விஸ்தாரமாக. ஒரு தடவைகூட என் பேர் வரவில்லை. யோசனை என்னுடையது. அறுபத்தைந்தில் அவன் சாவியைக் கீழே வைக்கும் நாளில் அதை அவன் வாயால் சொல்லியாக வேண்டும். கேட்க நான் இருக்க வேண்டுமே என்றுதான் டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு வேளை விடாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.