கேடயத்தின் முன்பக்கம்

எங்கள் யோர்விக் நகரத்தைச் சுற்றி நரி உண்டு, நீர்நாய் உண்டு, அறுவடை முடிந்ததும் எலியும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட வேகமாகப் பெருகும் ஓர் உயிரினமும் உண்டு. அதன் பெயர் 'தலைவரைச் சுமந்தவன்'. எனக்கு எழுத்து வாசனை கிடையாது. ஒரு துடுப்போடு வந்து இறங்கி, இன்று சொந்தமாக இரண்டு கப்பல் வைத்திருக்கிறேன். ஆள் நடந்து வரும் தோரணையைப் பார்த்தே ரகத்தைச் சொல்லிவிடுவேன்.

எங்கள் தலைவர், எலும்பில்லாத ஐவார், கடல் தாண்டி வந்து இந்தச் சாக்சன் மண்ணைப் பிடித்து முப்பது வருஷமாகிறது. அவருக்கு நடக்க வராது. போருக்குக் கேடயத்தில் உட்காரவைத்துத்தான் தூக்கிப் போனார்கள். கேடயம் ஒன்று. தூக்கியவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பேரில் இன்றும் உயிரோடு இருப்பவர்கள் நாற்பத்து மூன்று பேர்.

அவர்களில் ஒட்கெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சாராயக் கொட்டகைக்குள் நுழைந்ததும் உட்காரமாட்டார். இடது தோளைத் தடவுவார், முகத்தைச் சுளிப்பார், பெருமூச்சு விடுவார், யாரும் கேட்கவில்லையென்றால் இன்னொரு முறை பலமாக விடுவார்.

"என்னண்ணே, தோள்ல வலியா?" என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள்.

"வலி இல்லப்பா, பாரம். ஐவாரைத் தூக்குன பாரம். முன்பக்கம், இடப்பக்கம் நான்தானே!"

"அவருக்கு எலும்பே இல்லைங்கிறாங்க. அப்புறம் எங்கேருந்துய்யா வந்துச்சு அம்புட்டுப் பாரம்?" என்பாள் அவருடைய சாக்சன் மனைவி ஏட்கித்.

அதற்கெல்லாம் அசைகிற ஆளா? வருஷத்துக்கு வருஷம் ஐவார் கனத்துக்கொண்டே போனார். அதோடு விட்டாரா? போர்க்களத்தில் ஐவார் குனிந்து ஒட்கெல்லின் காதில் ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்பது அன்றன்றைய தேவையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுப் பன்றி முட்டைக்கோஸ் பாத்தியில் புகுந்த அன்று, அம்பு மழைக்கு நடுவே ஐவார் பேசியது பன்றிகளைப் பற்றித்தான்.

உண்மை தெரிந்தவள் ஏட்கித் ஒருத்தி. எனக்குத் தெரிந்தது எப்படி என்பது வேறு கதை. ஐவாரைத் தூக்கிப் போய்க் கோட்டைச் சுவரில் சண்டை நடந்த அன்று ஒட்கெல் அவளுடைய அப்பாவின் தொழுவத்துக்குப் பின்னால் இடுப்பளவு சேற்றில் சிக்கி, அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்தார். வைக்கோல் வாரும் கவைக்கம்பை நீட்டி இழுத்துக் கரை சேர்த்தவள் அவள்தான். ஒரு செருப்பு இன்னும் அந்தச் சேற்றுக்குள்தான் இருக்கிறது. இதை அவள் வெளியே சொன்னதில்லை. நல்ல கத்தியை எடுத்துவைப்பதுபோல, வேண்டிய நாளுக்கென்று வைத்திருந்தாள்.

இந்தக் கோடையில் பிரபு ஹால்வார்ட் ஊர்ச்சபையைக் கூட்டி, ஐவாரை உண்மையாகவே சுமந்தவன் ஒருவனுக்கு ஆற்றோர வயலைத் தருவதாக அறிவித்தார். ஒட்கெல்லுக்கு இருந்ததோ மேட்டுப் பாறை நிலம். உழுதால் ஏர் உடையும், உழாவிட்டால் வயிறு காயும்.

"இன்னொரு வருஷம் அந்தப் பாறையோட மல்லுக்கட்ட என்னால ஆகாது. உன் பொய்யாலயாவது ஒரு நல்லது நடக்கட்டும், கிளம்பு" என்றாள் ஏட்கித். வைக்கோல் வேலையைப் பாதியில் விட்டு, கவைக்கம்போடு அவளும் கூடவே வந்தாள்.

ஆற்றங்கரையில் ஒரு கேடயம். அதன்மேல் ஹால்வார்ட். மனிதர் தீனிக்கு வஞ்சகம் செய்யாதவர்.

"அன்னைக்கு எங்கெங்க புடிச்சீங்களோ, அங்கங்க வந்து நில்லுங்க."

நாற்பத்து மூன்று பேரும் முன்பக்கம் பாய்ந்தார்கள். அதிலும் இடப்பக்கம். முழங்கை இடித்தது, தாடி பிய்ந்தது.

"தள்ளுய்யா, இது என் இடம்!"

"உன் இடமா? நீ அப்போ கப்பல்ல கஞ்சி கிண்டிக்கிட்டிருந்தவன்தானே?"

"சரிய்யா, பின்னால புடிச்சது யாரு?" என்று கேட்டார் பிரபு.

எல்லோரும் முன்விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். ஏட்கித் ஒட்கெல்லின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யோவ், பின்னால போய் நில்லு! ஒரு ஆள்கூட இல்ல. வயல் நமக்குத்தான்!"

"பின்னாலயா? நானா? முப்பது வருஷமா முன்னால புடிச்சவன்டி நான்!"

இந்த ரகத்தின் நோயே இதுதான். பொய்யைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொன்னால், உண்மைக்குப் பங்கம் வந்ததுபோல் ரோஷம் வந்துவிடும்.

"அப்ப தூக்குங்க பாப்போம்!" என்றார் ஹால்வார்ட்.

தூக்கினார்கள். முன்பக்கம் மட்டும் எழுந்தது. பிரபு பின்பக்கமாகச் சறுக்கி, கரையில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, ஆற்றுச் சேற்றில் கழுத்துவரை இறங்கினார். சுமந்தவர்களோ வெறும் கேடயத்தைத் தோளுக்கு மேல் ஏந்தி, கம்பீரமாகப் பத்தடி நடந்துவிட்டார்கள். "ஐவார் அளவுக்குக் கனமில்லை" என்று ஒட்கெல் சொன்னதைப் பலரும் கேட்டார்கள்.

கவைக்கம்பு ஒன்று சேற்றுக்கு மேல் நீண்டது. "அசையாதீங்க எசமான், இன்னும் உள்ள போயிருவீங்க. எனக்கு இது பழக்கம்."

இழுபட்டுக் கரையேறிய பிரபு, வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "பழக்கமா? இதுக்கு முன்னாடி யாரை இழுத்த?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்த ஒட்கெல்லின் முகம் வெளுத்துப் போயிற்று. ஏட்கித் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கத்தியை எடுக்க வேண்டிய நாள் வந்தேவிட்டது.

"ஒரு கன்னுக்குட்டிய, எசமான்" என்றாள். "இன்னும் வீட்லதான் கிடக்கு."

வயல் அவள் பெயருக்குப் போயிற்று. உழுவது ஒட்கெல். இப்போதெல்லாம் அவர் வலது தோளையும் தடவுகிறார். அது பிரபுவைத் தூக்கிய பாரம். பிரபுவைச் சேற்றிலிருந்து மீட்டவர்கள் என்று கொட்டகையில் பத்தொன்பது பேர் கிளம்பியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஏட்கித் இல்லை.

அன்று நானும் கரையில் இருந்தேன். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். நீங்கள் சிரிக்கிறீர்களே, உங்கள் ஊரிலும் ஒரு பெரிய மனிதர் இருந்திருப்பார்; அவரோடு நீங்கள் நின்ற கதை ஒன்றும் உங்களிடம் இருக்கும். அடுத்த முறை அதைச் சொல்லும்போது பாதியில் நிறுத்தி, மெல்லத் திரும்பிப் பாருங்கள். பின்னால் பிடித்திருப்பவர் யாராவது தெரிகிறாரா?

தெரியவில்லையென்றால், தோளைத் தடவாமல் உட்காருங்கள்.