முட்டைக்கண் வரைந்த முயல்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, காலை ஏழே காலுக்கு மண்டப வாசலில் பேனர் ஏறியது. அந்த நிமிடத்தில் தொடங்கிய வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. காரணம் முட்டைக்கண்.

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் ஒரே படத்தால் ஊரைச் சிரிக்கவைத்து, பிறகு சோறு இறங்காமல் செய்யக்கூடியவர் அவர் ஒருவர்தான். பிளக்ஸ் கடை வைத்திருக்கிறார். எதை வரைந்தாலும் கன்னம் உப்பியிருக்கும், கண் முட்டை அளவு இருக்கும். பெயர் அப்படி வந்தது. கறிக்கடைக்கு ஓர் ஆடு வரைந்தார். கடைக்காரர் பூரித்துப்போனார். அந்த ஆட்டின் கண்ணைப் பார்த்தவர்களெல்லாம் எதிர்க்கடைக்குப் போய்க் கீரை வாங்கினார்கள். திருச்சுழியில் போர்வெல் போடுகிறவருக்கு, பூமிக்குள் தும்பிக்கை விட்டுச் சிரிக்கும் குட்டி யானை. லாரி போன இடமெல்லாம் பிள்ளைகள் கையசைத்தார்கள். தும்பிக்கை பூமியின் மறுபக்கம் வந்தும் நுனியில் ஈரமில்லை என்பதை நரிக்குடி விவசாயி ஒருவர்தான் கவனித்தார். மறுநாளே அவர் போர்வெல்லுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். கட்சிக்காரர்கள் தலைவரைக் குண்டுக் குழந்தையாக வரைந்து வாங்கிக் கொஞ்சித் தீர்த்தார்கள். குழந்தை உட்கார்ந்திருந்த மெத்தைக்குக் கண்கள் இருந்தது, அது அடியில் நசுங்கிய ஜனம் என்பது, பேனரைக் கழற்றும்போதுதான் தெரிந்தது.

இவ்வளவும் தெரிந்தே அவரிடம் போனேன். மகள் பெரியவளானதற்குச் சடங்கு. காரியாபட்டியிலிருந்து தாய்மாமன் சீர் கொண்டுவரும் என் அண்ணன், பிள்ளையின் போட்டோவோடு பெரிய பேனர் இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். கடையில் போட்டோவை நீட்டியபோது மகள், "அம்மா, என் போட்டோ வேண்டாம்…" என்று ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அவள் வாயைப் பொத்தினேன்.

"பாப்பா என்னமோ சொல்லுதேக்கா" என்றார் முட்டைக்கண்.

"அவ கிடக்கா. நீங்க அடிங்க தம்பி."

ஏறிய பேனரில் போட்டோ இல்லை. மாலை போட்ட முயல்குட்டி ஒன்று. பக்கத்தில், நான் கடைக்குக் கட்டிப்போன அதே பச்சைச் சேலையில் ஒரு தாய் முயல். சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். தாய் எப்படிக் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சுகிறது என்று என் நாத்தனார் உருகினார். அது கன்னமில்லை. குட்டியின் வாய் இருக்கவேண்டிய இடத்தில் என் கை இருந்தது.

பேனர் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்ட மகள், தன் போட்டோதான் என்று நினைத்து, மணமகள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே சிரிப்புச் சத்தம் வேறு. சீர்த்தட்டுகளோடு அண்ணன் மேடையில் நின்றார். யார் தட்டியும் கதவு திறக்கவில்லை. பிள்ளை உள்ளே என்ன செய்கிறாளோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தோடு முட்டைக்கண்ணுக்குப் போன் போட்டு, படித்தவள் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினேன்.

கக்கத்தில் இன்னொரு பேனர்ச் சுருளோடு அவர் வந்து சேர்ந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"போட்டோ வச்சும் ஒண்ணு அடிச்சிருக்கேன்க்கா. எது வேணும்னு பாப்பாகிட்ட கேட்டுட்டு வாங்க. நான் ஏணில நிக்கேன்."

சொன்னபடி ஏறியும் நின்றுகொண்டார்.

கதவோரம் வாயை வைத்து, வாசலில் இருப்பது முயல்தான் என்று சொன்னேன். அதன் வாயை யார் பொத்தியிருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். பிறகு, "எது இருக்கட்டும்? நீயே சொல்லு தாயி" என்று கேட்டேன்.

தாழ் விலகியது. மகள் வாசல்வரை நடந்து வந்தாள். படத்தை நெடுநேரம் பார்த்தாள், ஏணியில் வெயில் காய்கிறவரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"முயலே இருக்கட்டும்மா. அவுகள இறங்கிச் சாப்பிடச் சொல்லு. நானும் வாரேன்."