கணீரம்மாவின் மெல்லினம்

காலை ஏழு நாற்பது பஸ்ஸை அறிவித்துக்கொண்டிருந்தபோது, கணீரம்மாவின் இடது காதுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு அவளுடைய குரலிலேயே அவளைப் பார்த்துக் கத்தினார்கள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றுதான் அவள் சொன்னாள். வெளியே அது கனிவாகத்தான் போயிருக்கும். உள்ளே மட்டும், காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பேசினதுபோல் இரைந்தது.

மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அறையில் அவளைத் தவிர ஆளில்லை. காதைக் குடைந்தாள், தட்டினாள், ஒருமுறை முறுக்கியும் பார்த்தாள். பெருமூச்சு விடலாம் என்று மூச்சை இழுத்தாள். காதுக்குள் ஒரு புயல் நுழைந்தது. மூச்சை விட்டாள். அதே புயல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனது.

கணீரம்மா என்பது அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர். பதினாறு வருடமாக அந்தப் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர். கீழே நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. குரல் தெரியாதவர்களும் கிடையாது. முன்பு அறிவிப்பு அறை தரைத்தளத்தில் இருந்தது. போன வருடம் அதை மூன்றாம் மாடிக்குத் தூக்கிவிட்டார்கள். மாடிக்கு லிஃப்ட் இல்லை. படியேறி வந்து மைக்கைப் பிடித்தால் பாதி அறிவிப்பு, பாதி இளைப்பு. அதனால் உடம்பைக் குறைத்தாள். ஐந்து மாதத்தில் பதினெட்டு கிலோ. தையல்காரரான அவள் கணவர் அவளுடைய உடுப்புகளை மூன்று தடவை பிடித்துத் தைத்தார். இப்போது இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறாள். உடம்பு இப்படிச் சொன்னபடி கேட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

"ஆம்ப்ளிஃபயர்லதான் கோளாறு" என்று முடிவுகட்டி ஒலிக்குமிழைப் பாதிக்குத் திருப்பினாள்.

பத்து நிமிடத்தில் இன்டர்காம் அடித்தது. அதே மாடியில், தாழ்வாரத்துக்கு அந்தக் கோடியில் இருந்த நிலைய மேலாளர்.

"என்னம்மா, இன்னிக்கு பஸ்ஸுக்கே தெரியாம பஸ்ஸைக் கூப்பிடுறீங்களா?"

"தொண்டை கட்டியிருக்கு சார்."

காது என்று சொல்ல அவளுக்குப் பயம். காதில் குறையுள்ளவர்களை அறிவிப்பு அறையில் வைக்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. அவளுக்கு முன்பு அறிவிப்பாளராக இருந்த ஒருவரை அப்படித்தான் சாமான் அறைக்கு மாற்றினார்கள். பேசிப் பிழைத்த மனுஷன் அங்கே பெட்டிகளோடு பெட்டியாக ஆகிப்போனார்.

அன்று வீட்டில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"காது அடைச்சிருக்கும்மா. சூயிங்கம் மெல்லு, பட்டுனு விட்டுடும்" என்றார் அவர், வாயில் குண்டூசியோடு.

மென்றாள். தாடை அசைந்த ஒவ்வொரு தடவையும் மண்டைக்குள் ஜல்லி உடைத்தார்கள். மறுநாள் மருந்துக்கடைக்காரர், "ஜலதோஷம் உள்ளயே தங்கியிருக்கு" என்று மூக்கை உலர்த்தும் மாத்திரை கொடுத்தார். மூக்கு நன்றாக உலர்ந்தது. இதுவரை சும்மா இருந்த வலது காதும் இரையத் தொடங்கியது.

"ரத்த ஓட்டம் பத்தலை. இன்னும் கொஞ்சம் நட" என்றார் கணவர்.

நடந்தாள். மாடிப்படியை இரண்டு தடவை ஏறி இறங்கினாள். வேர்க்க வேர்க்க மேலே வந்து உட்கார்ந்தால், தலைக்குள் இரண்டு துருத்திகள் மாறி மாறி ஊதின. அதற்கு நடுவே கண்ணிமைக்கும் சத்தம்கூடக் கேட்கிறதோ என்று சந்தேகம் வந்தது. இமைத்துப் பார்த்தாள். நல்லவேளை, கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். எல்லா எழுத்தும் இரையவில்லை. க, ச, ட, த, ப, ற எல்லாம் வாயைவிட்டு ஒழுங்காக வெளியே போயின. மூக்கால் வரும் எழுத்துகள்தான் உள்ளே திரும்பி வந்து காதில் இடித்தன. ங, ஞ, ண, ந, ம, ன. பள்ளிக்கூடத்தில் மெல்லினம் என்று சொல்லிக்கொடுத்த அதே ஆறு எழுத்துகள். எந்தப் புண்ணியவான் அவற்றுக்கு அப்படிப் பெயர் வைத்தாரோ, அவருக்குக் காது நன்றாக இருந்திருக்கிறது.

மெல்லினத்தைத் தள்ளிவைத்து அறிவிக்க ஆரம்பித்தாள். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' முதலில் போனது. 'நடைமேடை' போய் 'தடம்' வந்தது. அதிலும் கடைசியில் ஒரு 'ம்' இடித்ததால் 'தடத்தில்' ஆனது.

"எட்டாவது தடத்தில் பஸ் புறப்படுகிறது. ஓடி வருக."

ஆறு, ஏழு, எட்டு, பத்து ஆகிய தடங்களுக்கு இப்படி வாழ்வு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஒன்பது எல்லாவற்றிலும் மெல்லினம். அந்த ஆறு தடங்களையும் அவள் மைக்கில் வாயை ஒட்டவைத்து, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற அளவுக்கு இறக்கிச் சொன்னாள்.

மேலாளர் நேரிலேயே வந்துவிட்டார்.

"பேருந்துன்னு சொல்லணும்மா. பஸ்ஸுன்னு சொல்லக்கூடாது. சுற்றறிக்கை இருக்கு."

"பேருந்துல ஒரு 'ந்' இருக்கு சார்."

மேலாளர், "எல்லாப் பேருந்துலயும் இருக்கும்மா" என்றார்.

அன்று மதியம் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். தலை முழங்காலுக்குக் கீழே போன அந்த நொடியில் எல்லாம் நின்றது. புயல் இல்லை, துருத்தி இல்லை. பேனாவை எடுக்க மறந்து அப்படியே இருந்தாள். "அம்மா" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு மெல்லினம். இரண்டும் சமர்த்தாக வெளியே போயின. இத்தனை வருடமும் இப்படித்தானே இருந்தது, ஒரு நாளாவது இதைக் கவனித்தோமா என்று நினைத்தபோது, தலைகீழாக இருந்த கண்களில் நீர் முட்டி நெற்றிப் பக்கம் ஓடியது.

நிமிர்ந்தாள். புயல் காத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து மைக்கின் வயரை இழுத்துக் கீழே விட்டு, தரையில் குந்தி, மேசைக்கு அடியில் தலையைக் கொடுத்து அறிவித்தாள். அந்த நிலையில் வயிறு மடங்கிவிடுவதால் கணீரென்று பேச முடியாது. மெல்லத்தான் வரும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு பிடிக்க வேண்டும். ஆனாலும் பேருந்தைப் பேருந்து என்று சொல்ல முடிந்தது. அதுவே பெரிய காரியமாக இருந்தது.

கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்த மேலாளருக்குக் காலி நாற்காலி தெரிந்தது. அறிவிப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மேசைக்கு அடியில் இரண்டு செருப்புகளும் ஒரு கொண்டையும் தெரிந்தபின்தான் மூச்சு வந்தது.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்லை சார்" என்று சொல்லக் கணீரம்மா எழுந்தாள். 'ஒண்ணுமில்லை' முழுக்க மெல்லினம். சொல்லும்போதே தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாருக்கேன் சார்." இன்னும் தாழ்ந்தது.

"வீட்டுல ஏதாவது?"

"நிம்மதியா இருக்கோம் சார்." இதற்கு இடுப்புவரை குனிய வேண்டியதாயிற்று.

மேலாளர் இருபத்தெட்டு வருட அனுபவசாலி. தன் முன்னால் இவ்வளவு குனிந்தவர்கள் எல்லோரும் பின்னால் ஏதோ ஒன்றை ஒளித்துவைத்திருந்ததாகவே அவருக்கு அனுபவம். மூன்று வருட அறிவிப்புப் பதிவேடுகளை வரவழைத்தார். வரி வரியாகப் படித்தார். தவறு ஒன்றும் அகப்படவில்லை. அதனால் சந்தேகம் வலுத்தது. இரண்டு வாரம் கழித்து அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"நேத்து நானே கீழ போய்ப் பாத்தேன். அறிவிப்பு வர்ற நேரத்துல ஈ பறந்தா கேக்குது. இத்தனை வருஷத்துல அந்த இடத்தை நான் அப்படிப் பாத்ததே இல்லை. பஸ்ஸை விட்டுட்டேன்னு மூணு வாரமா ஒரு புகார்கூட வரலை. ஏதோ பெரிய தப்பு நடக்குது. அது என்னன்னு நீங்களே சொல்லிடுங்க."

கணீரம்மா தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "அப்போ நீங்க என்கிட்ட மன்னிப்பு எதுவும் கேக்கலையா?"

"இல்லை சார். காதுக்காகத்தான்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "டாக்டரைப் பாருங்க. சான்றிதழ் கொண்டாங்க. சரியாகாதுன்னு எழுதிட்டாங்கன்னா என் கையில ஒண்ணுமில்லை. சாமான் அறைதான்."

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். வளவளவென்று கேள்வி கேட்கவில்லை. "சமீபத்துல உடம்பு இளைச்சீங்களா?" என்று ஒன்றுதான் கேட்டார். கணீரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காதுக்குள் அது எழுதியிருக்குமா என்ன?

மெல்லிய குழல் கேமராவைக் காதில் நுழைத்து, எதிரே இருந்த திரையைக் காட்டினார் டாக்டர். "இதுதான் உங்க செவிப்பறை."

பார்த்தாள். முத்துச்சிப்பியின் உள்பக்க நிறத்தில் ஒரு வட்டத் தோல். அதன் ஓரத்தில் ஒரு துண்டு வெளிச்சம். தோலுக்குப் பின்னால், ஜன்னல் திரைக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரிகிறமாதிரி, சின்னதாக ஒரு எலும்பு.

"அது சுத்தி எலும்பு. அதுக்குப் பின்னால இன்னும் ரெண்டு. கடைசி எலும்பு அரிசியில பாதி இருக்கும். நீங்க இதுவரைக்கும் கேட்டதெல்லாம் அது வழியாத்தான் உள்ள போயிருக்கு. இப்ப வாயை மூடி, ஒரு மூக்கை அழுத்திக்கிட்டு, நல்லா மூச்சை இழுத்து விடுங்க."

இழுத்தாள். திரையில் அந்தத் தோல் உள்ளே போனது. விட்டாள். வெளியே வந்தது. இன்னொரு தடவை. உள்ளே. வெளியே.

"டாக்டர், அது மூச்சு விடுது."

"ஆமா. அதுதான் தொந்தரவே. மூணு எலும்பும் இருக்கிறது ஒரு குட்டி அறை. பத்திருபது சொட்டுத் தண்ணி ஊத்தினா நிரம்பிடும். அங்கேருந்து மூக்குக்குப் பின்பக்கம் ஒரு குழாய் போகுது. அது எப்பவும் மூடியே இருக்கும். எச்சில் முழுங்கும்போது ஒரு நொடி திறந்து காத்தை மாத்திட்டு மூடிக்கும். உங்களுக்கு மூட மாட்டேங்குது. அதனால உங்க மூச்சும் குரலும் பின்வாசல் வழியா உள்ள வந்துடுது. குனிஞ்சா அங்க ரத்தம் சேர்ந்து கொஞ்சம் வீங்கும், குழாய் மூடிக்கும்."

"ஏன் மூடலை?"

"அதை அணைச்சு மூடறதுக்குப் பக்கத்துல ஒரு துளி கொழுப்பு இருக்கும். பதினெட்டு கிலோவோட சேர்த்து அதையும் கரைச்சிட்டீங்க."

கணீரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றிலும் இடுப்பிலும் இருந்ததைத்தான் அவள் குறைக்க நினைத்தாள். வேண்டாத சுமை என்று அவள் ஏசின அந்தக் கொழுப்பில் ஒரு துளி, பிறந்த நாளிலிருந்து ஒரு வாசலில் காவல் நின்றிருக்கிறது. அவள் மூச்சு அவளுக்கே கேட்டுவிடாமல், அவள் குரல் அவளையே அடித்துவிடாமல். சம்பளமில்லை, விடுப்பில்லை, அப்படி ஒரு ஆள் இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியாது. அவள் கேட்டுவந்த அமைதிகூடச் சும்மா கிடைத்ததில்லை, அந்தத் துளி வேலைபார்த்துக் கொடுத்தது.

"சரியாகுமா டாக்டர்?"

"உங்களுக்கு ஆகும்னுதான் தோணுது. அந்த மாத்திரையை நிறுத்துங்க. நிறையத் தண்ணி குடிங்க. அஞ்சாறு கிலோ திரும்ப ஏத்துங்க. அதுவரைக்கும் வேலையைத் தாராளமாப் பாருங்க."

சான்றிதழ் சாமான் அறையிலிருந்து அவளைக் காப்பாற்றியது. கணவர்தான் செய்தி கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்தணுமா? மூணாவது தடவை பிடிக்கும்போது இனி எதுக்குன்னு தையலுக்கு உள்ள மடிச்சுவிட்ட துணியெல்லாம் வெட்டிட்டேனேம்மா."

"புதுசாத் தைச்சுக்குடுங்க. உங்களுக்குத் தைக்கத் தெரியாதா?"

அடுத்த ஆறு வாரம் அவள் மேசைக்கு அடியில் மெல்லப் பேசினாள், மேசைக்கு மேலே நன்றாகச் சாப்பிட்டாள். மூன்று கிலோவில் வலது காது அடங்கியது. ஆறாவது கிலோ ஏறிய மறுநாள் காலை, குனியலாம் என்று மைக்கை எடுத்தவள் ஏதோ குறைகிறதே என்று நின்றாள். குறைந்தது புயல். மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே "ம்" என்றாள். அந்த "ம்" வெளியே போய், திரும்பிவராமல் போயேவிட்டது. உள்ளே அந்தச் சிறு வாசல் சாத்திக்கொண்டுவிட்டது. யாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் காதை உள்ளங்கையால் ஒருமுறை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

பிறகு ஒலிக்குமிழை முழுதாகத் திருப்பி, நெஞ்சு நிமிர்த்தி, அன்று முழுக்க வெளுத்துவாங்கினாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஒன்றாம் நடைமேடையிலிருந்து ஒன்பது மணிப் பேருந்து இன்னும் ஐந்து நிமிடங்களில் கிளம்பும்." ஒவ்வொரு மெல்லினத்தையும் ஆசைதீர அழுத்திச் சொன்னாள்.

மறுநாள், காலை அறிவிப்புகளை அதே ஜோரில் முடித்துவிட்டு, இடைவேளையில், அறை மாடிக்குப் போனபின் முதல் தடவையாக, நடைமேடைப் பக்கம் இறங்கினாள். கடைசியாகச் சொன்ன பஸ்ஸில் மக்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று தானே பார்க்க ஆசை. நிலையம் பழையபடி சந்தையாக இருந்தது. கத்துகிறவர்கள், அதற்குமேல் கத்துகிறவர்கள், கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்துகிற இரண்டு பேர். பிஸ்கட் கடையில் ஒரு பாக்கெட் வாங்கினாள். கடைக்காரம்மா மீதிச் சில்லறையோடு அட்டையில் செருகிய ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். தாள் முழுக்கக் கையெழுத்துகள்; பயணிகள், ஓட்டுநர்கள், எல்லாவற்றுக்கும் மேலே மேலாளருடையது.

"ரெண்டு மாசமா ஒரு புது அம்மா மெதுவாப் பேசிக்கிட்டு இருந்தாங்க, அவங்க வாயைத் திறந்தா பஸ் ஸ்டாண்டே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு, நேத்து அந்தப் பழைய அம்மா திரும்பி வந்துட்டாங்க, பழைய அம்மாவை மாத்திட்டு அந்தப் புது அம்மாவையே போடச் சொல்லி மேலிடத்துக்கு மனு எழுதியிருக்கோம், நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."