கழிவுக் குழாய்க்கென்று வாங்கிய பொடி

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். இந்தக் கட்டுரை முடிகிற வரைக்கும் தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். அன்றைக்கு நானே மறந்துதான் போயிருந்தேன்.

என் கணவர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். முப்பது நாள் லீவு. அவருக்கு என்னையும் சேர்த்து இரண்டு பைத்தியங்கள். இன்னொன்று, ரிமோட்டில் பறக்கும் ஒரு குட்டி விமானம். (பொம்மை என்று சொல்லிவிடக் கூடாது. மூஞ்சி தொங்கிப்போகும்.) அதன் மூக்கில் எலுமிச்சம்பழ அளவில் ஓர் இஞ்சின் உண்டு. நிஜ இஞ்சின். விளக்கெண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும்.

கல்யாணமான புதிதில், கோட்டுச்சேரிப் பக்கம் அறுவடை முடிந்த ஒரு வயலுக்கு என்னைக் கூட்டிப் போனார். புதுப்பெண்ணை மற்றவர்கள் கடற்கரைக்குக் கூட்டிப் போவார்கள், இவர் வரப்பில் உட்கார வைத்தார்.

"வாலைப் பிடிச்சுக்க பரீதா. நான் சொல்ற வரைக்கும் விட்றாத."

இஞ்சின் கத்திய கத்தில் என் பல்லெல்லாம் ஆடியது. எண்ணெய்ப் புகை முகத்தில் அடித்தது. "விடு! விடுன்னு சொல்றேன்ல!" என்று அவர் மூன்று தடவை கத்திய பிறகுதான் விட்டேன். அது மேலே போனது. அவர் வானத்தைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதைவிடச் சந்தோஷமான காலைப்பொழுது எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

போன தடவை திரும்பும்போது இஞ்சினை மட்டும் கழற்றிக் கூடவே கொண்டுபோகப் பார்த்தார். விமான நிலையத்தில் மோந்து பார்த்தார்கள். எண்ணெய் வாசம் அடிக்கிறது, ஏற்ற முடியாது என்றுவிட்டார்கள். வழியனுப்பப் போன நான் அதை மடியில் வைத்துக்கொண்டு தனியாகக் காரைக்கால் வந்து சேர்ந்தேன். அவருடைய பழைய கைலி ஒன்றில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அவ்வப்போது எடுத்து மோந்து பார்ப்பேன். (மாமியார் கண்ணில் படாமல்தான்.)

நாளாக ஆக எங்கள் போன் பேச்சு சுருங்கிப்போனது. "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "சாப்டேன்." அவ்வளவுதான். பிறகு நெட்வொர்க்கைக் குறை சொல்லிவிட்டு இருவரும் வைத்துவிடுவோம். அவர் வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் கொஞ்சம் உற்சாகமாகப் பேசினார்.

"இந்த லீவுல முதல்ல அந்த இஞ்சினைச் சுத்தம் பண்ணணும். எண்ணெய் கருகிப் பிடிச்சுக் கெடக்கு. அதுக்கே பத்து நாள் ஓடிப்போயிரும்."

முப்பதில் பத்து! மாமா வீடு, சின்னம்மா வீடு என்று விருந்துக்கு எட்டு நாள் போகும். மிச்சம் எனக்கு எத்தனை? அன்றைக்கே முடிவு செய்தேன். அவர் வந்து இறங்கும்போது இஞ்சின் பளபளவென்று இருக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் எனக்கு வேண்டும்.

கைலியைப் பிரித்துப் பார்த்தேன். அடிப்பிடித்த பாகு போலப் பழுப்பாக, நகம் இறங்காத இறுகலில் ஒட்டியிருந்தது. சோப்பு, சாம்பல், புளி, எலுமிச்சை எல்லாவற்றுக்கும் அது அசையவில்லை. ஒரு சனிக்கிழமை ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"எண்ணெய்ப் பிசுக்கு போகணுங்க. நல்லாக் கருகுனது."

"எதுலம்மா?"

வாயைத் திறந்தேன். பக்கத்தில் என் மாணவி ஒருத்தியின் அப்பா ஆணி வாங்கிக்கொண்டு நின்றார். ஏரோப்ளேன் இஞ்சின் கழுவப் போகிறேன் என்று சொன்னால் திங்கட்கிழமை பள்ளிக்கூடமே சிரிக்கும்.

"கழிவுக் குழாயிலங்க" என்றேன்.

"அடைச்சுக்கிச்சா? எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு வருஷமாவா? எப்படிம்மா சமாளிக்கிறீங்க?"

"சமாளிக்கிறேங்க" என்றேன். பர்ஸைத் திறந்து குனிந்துகொண்டேன்.

வெள்ளைப் பொடி ஒரு பாக்கெட் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும், படித்தவள் அல்லவா, பாக்கெட்டின் பின்புறத்தை வரிவரியாகப் படித்தேன். 'அலுமினியப் பாத்திரங்களில் பயன்படுத்தக் கூடாது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நல்லவேளை, பார்த்தோம் என்று அடுப்பிலிருந்த அலுமினியச் சட்டியை இறக்கினேன். எவர்சில்வர் சட்டியை ஏற்றி, தண்ணீர் ஊற்றிப் பொடியைப் போட்டேன். பிறகு, முழுக்க முழுக்க அலுமினியத்தால் ஆன அந்த இஞ்சினை, பிஸ்மி சொல்லி அதற்குள் இறக்கினேன்.

நுரை பொங்கியது. ஆகா, அழுக்கு எப்படிக் கழன்று வருகிறது பார் என்று இடுப்பில் கைவைத்து ரசித்தேன். நெடி தாங்காமல் மாமியார் இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா ஆணம் இது, இந்த நாத்தம் நாறுது?" (ஆணம் என்றால் எங்கள் வீட்டில் குழம்பு.)

"ஆணம் இல்ல மாமி. இஞ்சின்."

"யா அல்லா!"

அந்த நேரத்தில்தான் என் மண்டைக்குள் ஒரு குரல் கேட்டது. கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசும் என் குரலேதான். 'அலுமினியம் காஸ்டிக் சோடாவுடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். எரியும் குச்சியை அருகில் காட்டினால் பொப் என்ற ஒலி எழும். எங்கே, எல்லாரும் சொல்லுங்க.' சட்டிக்குக் கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

'பொப்' என்றது.

சத்தம் சின்னதுதான். ஆனால் மாமியார் அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டு இடுக்கியால் இஞ்சினை வெளியே எடுத்தேன். கன்னங்கரேல் என்று, விளிம்பெல்லாம் அரித்து, கரையான் தின்ற புத்தகம் போல இருந்தது. ஊருக்கு உபதேசம் செய்கிறவளின் லட்சணம் அது.

அவர் வந்தார். அலமாரிச் சாவியைக் காணோம் என்று இரண்டு நாள் சமாளித்தேன். மூன்றாம் நாள் சாப்பாட்டில் மாமியார் போட்டு உடைத்தார்: "அதைத்தான் உன் பொண்டாட்டி ஆணம் காச்சிட்டாளே!"

கைலியைப் பிரித்து அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அதன் தண்டைச் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை.

"எதுல போட்ட?"

"எவர்சில்வர்ல."

"சட்டியைக் கேக்கல பரீதா."

சொன்னேன். கழிவுக் குழாய் என்று கடையில் பொய் சொன்னதையும் சொன்னேன். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"பத்து நாள் ஆகும்னு சொன்னீங்கள்ல. அந்தப் பத்து நாளு எனக்கு வேணும்னு..."

அவர் இஞ்சினை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். "வாசமே போயிருச்சு" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இரண்டு வருஷம் நான் மோந்து மோந்து காப்பாற்றியதை நானே கழுவிக் கொட்டியிருந்தேன்.

நான் ஆசைப்பட்ட பத்து நாளும் எனக்கே கிடைத்தது. ஒரு நாள் நானாகக் கேட்டு அந்த வயலுக்குப் போனோம். விமானம் இல்லாமல் இரண்டு பேரும் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்தக் கத்தல் எனக்கு வேண்டியிருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு வாலாவது இருந்திருக்கலாம்.

கிளம்பும் அன்று அந்த இஞ்சினைப் பெட்டிக்குள் வைத்தார். எதற்கு என்று கேட்டேன், பெட்டியைப் பூட்டினார். விமான நிலையத்துக்குள் போன கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"பெட்டியத் தொறக்கச் சொன்னாங்க. மோந்து பாத்தாரு அந்த ஆபீசரு. எண்ணெய் வாசம் துளிகூட இல்லையே, ஓட்டாத இஞ்சினான்னு கேட்டாரு. இல்ல சார், என் வீட்டுக்காரி கழுவுனதுன்னேன். விட்டுட்டாங்க பரீதா!"

போன தடவை திருப்பியனுப்பப்பட்டது, இந்தத் தடவை ஜம்மென்று ஏறிப் பறந்துவிட்டது.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டினாலும், "பரீதாட்ட ஒருதடவ கழுவக் குடுத்துட்டுக் கட்டுங்க, எங்கயும் நிறுத்த மாட்டாங்க" என்கிறார்கள். மாமியார்தான் ஆரம்பித்து வைப்பார். நானும் சிரிப்பேன்.

இஞ்சின் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் இருக்கிறதாம். போன வாரம் வீடியோவில் காட்டினார்.

"அடுத்த தடவை என்னையும் நல்லாக் கழுவி எடுத்துட்டுப் போயிருங்களேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் நெட்வொர்க்கைக் குறை சொல்லவில்லை. இஞ்சினை ஜன்னலோரம் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார்:

"சாப்டியா?"