ஒற்றை இருக்கை வண்டி

முதலில் ஒரு விடுகதை. புல்லின் மேல் ஓடப் பிறந்தது. புல்லைத் தொடக் கூடாது. வாங்கியவனை நடக்க விடாமல் காப்பாற்ற வந்தது. அவனை இரண்டு மடங்கு நடக்க வைத்தது. அது என்ன?

யோசியுங்கள். விடை தெரிந்தவர்கள் தயவுசெய்து சிரிக்க வேண்டாம். எனக்கு ஏற்கெனவே கோபம் உச்சியில் இருக்கிறது.

அந்தக் கோபத்துக்கு இப்போது ஒரு வயது. எங்கள் ஊர் இரட்டை ஏரி கோல்ஃப் மைதானத்தில், ஒவ்வொரு ஜூன் மாதமும் தந்தையர் தினத்தன்று ஒரு போட்டி நடக்கும். ஒரு பிள்ளை, ஒரு பெற்றோர், இருவருக்கும் ஒரே பந்து. மாறி மாறி அடிக்க வேண்டும். ஒன்பது குழிகள். எங்களுக்கு ஒரே மகள். பெயர் ஹேட்டி, வயது ஒன்பது. இரண்டு வருடம் முன்பு அவள் என்னோடு ஆடினாள். போன வருடம் யாரோடு ஆடினாள் தெரியுமா? அம்மாவோடு. தந்தையர் தினத்தன்று! விஸ்கான்சின் மாநிலம் முழுவதிலும் அன்று வேலி ஓரம் நின்று கைதட்டிய ஒரே தகப்பன் நான்தான்.

ஆகவே இந்த வருடம் மே மாதமே சபதம் எடுத்தேன். சமையலறை நடுவில் நின்று, கையை ஓங்கி, சத்தமாக எடுத்தேன். என் மனைவி டார்லா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷம் ஹேட்டி என்கூடத்தான் ஆடுவா. இல்லேன்னா என் பேரு கர்ட் லிண்ட்னர் இல்ல!"

"சரி. போன வருஷம் ஏன் உன்கூட ஆடலைன்னு அவகிட்ட கேட்டியா?"

"கேக்கவே வேணாம். எல்லாம் அந்த வண்டியாலதான்."

"வண்டியா?"

"நம்ம பழைய கோல்ஃப் வண்டி. மேடு ஏறும்போதெல்லாம் முனகுது. எந்தப் பிள்ளைக்கு அதுல உக்கார மனசு வரும்?"

"முனகினது வண்டியா, கர்ட்?"

"வேற யாரு?"

"முழங்கையை மடக்கு, தலையைத் தூக்காதே, முட்டியை வளை, ஏன் இப்படி நிக்கிறேன்னு ஒன்பது குழியும் ஒரே சத்தமாம். நம்ம வண்டி அவ்வளவு பேசுமா?"

"அது கத்தறது இல்ல, டார்லா. கத்துக்குடுக்கறது!"

"முதல் மூணு எழுத்துதான் அவ காதுல விழுந்துச்சாம்."

கோபத்தில் என் பதில்கள் நெரிசலாகி, எது முதலில் வெளியே வருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

இரண்டு நாள் கழித்து டார்லாவே ஒரு விலைப்பட்டியல் புத்தகத்தைக் கொண்டுவந்து என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிவர இன்று என்னென்ன வந்துவிட்டது! நின்றபடியே போகும் பலகை. மட்டைப் பை மாட்டிய சைக்கிள். மூலை மடித்த பக்கத்தில் ஒரு மின்சார ஸ்கூட்டர். கொழுத்த சக்கரங்கள் இரண்டு. செர்ரி நிறம். மட்டைப் பை நடுவில், கால்களுக்கு இடையில் கம்பீரமாக நிற்கிறது.

"பழைய வண்டிதான் பிரச்சினைன்னா, புதுசா வாங்கிடேன்," என்றாள் டார்லா. "இது பரவால்ல. ஒரே சீட்டு."

ஒரே இருக்கை! அப்படியானால் டார்லாவுக்கு இடமில்லை. என் மூளை அந்த இடத்திலேயே பிரேக் போட்டு நின்றுவிட்டது. அடுத்த கேள்வியை அது கேட்கவே இல்லை.

கொட்டகையில் இருந்த பனி தள்ளும் இயந்திரத்தை விற்றேன். ஸ்கூட்டர் வந்தது.

"நவம்பர்ல பனி கொட்டினா என்ன பண்ணுவே?" என்றாள் டார்லா.

"நவம்பரை நவம்பர்ல பாத்துக்கலாம்!"

போட்டிக்கு முந்திய நாள் முழுவதும் மழை. ஞாயிறு காலை வெயில் பளிச்சென்று வந்தது. நான் செர்ரி நிற ஸ்கூட்டரில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முதல் குழிக்கு முன்னால் போய் நின்றேன். அங்கே ஒரு பலகை. 'இன்று வண்டிகள் சிமெண்ட் பாதையை விட்டு இறங்கக் கூடாது.' பலகைக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் வெர்ன். யார் எப்போது ஆடத் தொடங்குவது என்று பெயர் எழுதி அனுப்புகிறவர் அவர்தான்.

"வெர்ன், என்ன இது?"

"பலகை."

"அது தெரியுது!"

"தெரிஞ்சா படி."

"நேத்து பெஞ்ச மழைக்கு இன்னைக்கு எனக்கு எதுக்குத் தண்டனை?"

"புல்லு ஊறிக் கிடக்கு. உன் சக்கரம் ஏறினா அங்க சோளம்தான் விதைக்கணும்."

அப்போது டார்லா வந்தாள். தன் பழைய தள்ளுவண்டியில் மட்டைகளை வைத்துக்கொண்டு, நேராக ஈரப் புல்லின் மேலேயே தள்ளிக்கொண்டு வந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"அது மட்டும் போகலாமா? அதுக்கு மூணு சக்கரம்! என்னோடதுக்கு ரெண்டுதான். எண்ணிப் பாருங்க!"

"அதுல மோட்டார் இருக்கா?"

"இல்ல. டார்லா தள்றா."

"டார்லாவை மோட்டார்னு எழுதிக்கவா?"

எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். டார்லா மிகவும் பக்கத்தில் இருந்தாள்.

போகட்டும். பாதையில் ஓட்டினாலும் ஸ்கூட்டர் ஸ்கூட்டர்தான். "ஹேட்டி, ஏறு!" என்றேன்.

ஹேட்டி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "எங்க ஏறறது?"

நானும் பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்து முதல் முறையாக, அந்தக் கேள்வியோடு பார்த்தேன்.

"ஒரு வண்டிக்கு ஒரு ஆள்," என்றார் வெர்ன். "அதுவும் பதினாறு வயசு ஆகியிருக்கணும்."

"அப்போ நான் எப்படி வர்றது, அப்பா?"

"பாதையில என் பக்கத்துலயே ஓடி வாயேன்."

"பக்கத்து வீட்டு நாய் அப்படித்தான் வரும்."

வெர்ன் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. தொப்பியோடு சேர்த்து அவரை ஏரியில் எறிய வேண்டும் போலிருந்தது.

டார்லா குறுக்கே வந்தாள். "போட்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. போட்டி முதல் ஒன்பது குழியிலதான், பத்தாவது குழி காலியாத்தான் இருக்கு. மூணு பேரும் ஒரு தடவை போய்ட்டு வருவோம். நீ வண்டில வா, நாங்க நடந்து வர்றோம். ஹேட்டி ரெண்டையும் பாத்துட்டு அவளே முடிவு பண்ணட்டும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. டார்லா சொல்வது நியாயமாகப் படும்போதெல்லாம் நான் உஷாராகியிருக்க வேண்டும். பத்தாவது குழிக்குப் போகும் வழிதான் இந்த மைதானத்திலேயே நீளமானது. முழுக்க ஏற்றம். சிமெண்ட் பாதை இடது ஓரமாகப் போகும்.

நான் அடித்த பந்து வலது ஓரத்துக்குப் போனது.

பந்துக்கு நேராகப் பாதையில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு, சொதசொதவென்ற புல்லில் எண்பது அடி வைத்து நடந்தேன். போய்ப் பார்த்தால் அந்தத் தூரத்துக்கு அது தப்பான மட்டை. எண்பது அடி திரும்பினேன். இன்னொரு மட்டை. எண்பது அடி. அடித்தேன். பந்து மறுபடியும் வலது பக்கமே போனது. எனக்குப் பிடிக்காததையே செய்வது என்று அதுவும் முடிவு செய்துவிட்டது போல. வண்டிக்குத் திரும்பினேன், ஓட்டினேன், இறங்கினேன், நடந்தேன். இந்த முறை மூன்று மட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தேவைப்பட்டது நான்காவது. கடைசியில் குழிக்குப் பக்கத்தில் போய் நின்றபோது, பந்தை உள்ளே உருட்டும் மட்டை வண்டியிலேயே இருந்தது.

டார்லாவும் ஹேட்டியும் பந்துக்குப் பந்து நேராக நடந்தார்கள். பை அவர்கள் கூடவே வந்தது. நடுவில் ஒரு ஆப்பிளைப் பாதிப் பாதி தின்றார்கள். ஒரு தவளையைக்கூட நின்று பார்த்தார்கள். எனக்காகக் காத்திருக்கும்போது அவர்களுக்கு ஏதாவது வேலை வேண்டுமே!

அதற்கு முன், ஏற்றத்தின் நடுவில் ஒரு வாய்க்கால் வந்தது. ஹேட்டி அதைத் தாண்டி அடிக்க வேண்டியிருந்தது. அவள் நின்ற விதத்தைப் பார்த்தேன். முழங்கை தப்பு. முட்டி தப்பு. தலை எங்கோ இருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். "ஹ..." என்று காற்று மட்டும் வந்தது. இரண்டாவது முறை திறந்தேன். அந்தக் காற்றும் வரவில்லை.

ஹேட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வழக்கமான சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அடித்தாள். பந்து வாய்க்காலைத் தாண்டி, குழியிலிருந்து ஐந்தடி தூரத்தில் போய் விழுந்தது. இந்த மைதானத்தில் என்னால் ஒருநாளும் முடியாதது அது. எனக்கு அதற்கும் கோபம் வந்தது. அதைச் சொல்லவும் மூச்சு இல்லை.

மேட்டின் மேலே டார்லா கையை நீட்டினாள். "சாவியைக் குடு. இந்த நிலைமைல நீ ஓட்டினா கவுந்துடுவே. நீங்க ரெண்டு பேரும் தள்ளுவண்டியைப் புடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கி வாங்க."

என் வண்டி, தர மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்ல முடியாததால் சாவியைக் கொடுத்தேன்.

நாங்கள் இறங்கி வந்தபோது டார்லா என் செர்ரி நிற ஸ்கூட்டரில், பாதை ஓரம், ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பொட்டலம் சூடான சீஸ் வறுவல்.

"சத்தமே இல்லாம போகுது, கர்ட். என் முழங்காலுக்கு ரெண்டு வருஷமா இப்படி ஒண்ணைத்தான் தேடிட்டிருந்தேன்."

ரெண்டு வருஷமாக! புத்தகத்தின் அந்த மடித்த மூலை என் கண் முன்னால் வந்து நின்றது.

"நீ... மழை..." என்று இரண்டு சொல்லை எப்படியோ வெளியே தள்ளினேன்.

"ஜூன்ல நம்ம ஊர்ல மழை இல்லாத வாரம் எது?" என்று கேட்டுவிட்டு அவள் ஒரு வறுவலை வாயில் போட்டுக்கொண்டாள்.

வெர்ன் பென்சிலை எடுத்தார். "ஹேட்டி, பேரு எழுதணும். அம்மாவா, அப்பாவா?"

நான் தள்ளுவண்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தேன். ஹேட்டி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பக்கத்தில் வந்து, என் மூச்சு எப்படிப் போகிறது என்று காதை வைத்துக் கேட்டாள்.

அந்த மூச்சு திரும்பி வரும்வரை அப்பாவோடு ஆடுவதாக வெர்னிடம் சொன்னாள்.